மரகதவல்லிக்கு இரண்டு சாட்சிகள்

ஐப்பசி முதல் வாரத்தில் மணலேரியில் உள்ள எல்லாப் புனைபெயர்களுக்கும் தாலுகா அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. இணையத்தில் கருத்து எழுதும் புனைபெயர்கள், அந்த வார வெள்ளிக்கிழமைக்குள் தத்தம் உரிமையாளரைக் கையோடு கூட்டிக்கொண்டு நேரில் வர வேண்டும். உரிமையாளர் வர மறுத்தால் அதற்கான காரணத்தை வெள்ளைத்தாளில் எழுதித் தர வேண்டும். உரிமையாளர்களுக்குத் தனியாகக் கடிதம் எதுவும் போகவில்லை. அவர்கள் யார் யார் என்று அலுவலகத்துக்குத் தெரியாது.

மரகதவல்லியின் வீட்டுக்கு வந்த உறையில் 'திரு. ஒட்டடைக்குச்சி அவர்கள்' என்று இருந்தது. அவரே கையெழுத்துப் போட்டு வாங்கினார். படித்துவிட்டு, நாலாக மடித்து, அவளுடைய சாப்பாட்டுத் தட்டுக்கு அடியில் வைத்தார். தட்டை எடுக்கும்போது பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்.

அவர் அந்த வீட்டுக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. நூறு கருத்து எழுதிய புனைபெயர் சாப்பிட ஆரம்பிக்கும், முந்நூறு ஆனால் செருப்பு கேட்கும், ஐந்நூறைத் தாண்டிவிட்டால் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்ளும். மணலேரியில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஒட்டடைக்குச்சி ஆறாயிரத்தைத் தாண்டியவர். நெடுநெடுவென்று உயரம், அரைக்கைச் சட்டை, எதையும் ஒரு கை பார்த்துவிடும் முகம். பஸ் ஸ்டாண்டுக் கடிகாரம் ஏன் எப்போதும் பத்தே காலில் நிற்கிறது, போட்ட ரோட்டை ஏன் மறுவாரமே தோண்டுகிறார்கள், கல்யாண வீட்டு ரசம் ஏன் வெந்நீராக இருக்கிறது என்றெல்லாம் அவர் 'மணலேரி மக்கள் மன்றம்' பக்கத்தில் எழுதினால் ஊரே வந்து அடித்துக்கொள்ளும். பாதிப் பேர் கும்பிடுவார்கள், பாதிப் பேர் திட்டுவார்கள். யாரும் கண்டுகொள்ளாமல் போனதில்லை.

எழுதுவது என்னவோ மரகதவல்லிதான். ஆனால் அவள் வாயில்லாப் பூச்சி. நாற்பத்தாறு வயது, தனிக்கட்டை. ஒரே அண்ணன் அந்தமானில் இருந்தான். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் இருக்கும் ரத்தப் பரிசோதனை லேபில் பதினெட்டு வருஷமாக ரத்தம் எடுக்கிறாள். கடையில் மிச்சச் சில்லறையைக் கூடக் கேட்டு வாங்கத் தெரியாதவள், விரலால் எழுதும்போது மட்டும் வெளுத்து வாங்குவாள்.

மறுநாள் இருவரும் தாலுகா அலுவலகம் போனார்கள். வரிசை புளியமரம் வரை நின்றது. புனைபெயர்கள் உரிமையாளர்களின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றன. 'கருஞ்சூறாவளி' ஒரு தையல்காரரைக் கூட்டி வந்திருந்தது. அவர் வாயில் இன்னும் இரண்டு குண்டூசிகள் இருந்தன. 'நெத்தியடி நாச்சியார்', ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரை நிழலில் உட்காரவைத்து விசிறிக்கொண்டிருந்தாள். வழியில் போகிறவர்கள் ஒட்டடைக்குச்சியைப் பார்த்ததும் நின்றார்கள்.

"அண்ணே, நீங்க ரசத்தப் பத்தி எழுதினதுல இருந்து எங்க வீட்டுல ரெண்டு ரசம் வைக்கிறாங்கண்ணே," என்றார் ஒருவர். "கூட யாருண்ணே?"

"உரிமையாளர்."

"ஓகோ," என்று அந்த மனிதர் மரகதவல்லியின் செருப்பைப் பார்த்தார். பிறகு மறுபடி அவரோடு பேசத் தொடங்கினார்.

ஜன்னலுக்குப் பின்னால் தெய்வசிகாமணி என்ற எழுத்தர் உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து இதையே சொல்லிச் சொல்லி அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது.

"ஒரு வீட்டுல இருந்து ஒரு ஆளுதான் வெளியில இருக்கணும்மா. பேரும் முகமும் தெரிஞ்ச ரெண்டு பேர் உரிமையாளருக்குச் சாட்சி போட்டா, உரிமையாளர் வெளியில, புனைபெயர் பதிவறையில. ரெண்டு பேர் கிடைக்கலைன்னா, மாத்தி. அடுத்த ஐப்பசில மறுபடி பார்ப்போம்."

அவர் பதிவேட்டைப் புரட்டினார். "திரு. ஒட்டடைக்குச்சிக்கு இருநூத்துப் பன்னெண்டு பேர் நேத்தே வந்து போட்டுட்டுப் போயிட்டாங்க. உங்களுக்கு இன்னும் யாரும் வரலை. வெள்ளிக்கிழமை அஞ்சு மணி வரைக்கும் நேரம் இருக்கு. பேரெல்லாம் அப்ப எழுதிக்கலாம்."

இரண்டு பேர்தானே என்று மரகதவல்லி நினைத்தாள். இந்த ஊரில் அவள் ஊசி படாத கை உண்டா? யாருக்கு இடது கையில் நரம்பு ஒளிந்துகொள்ளும், யார் வெறும் வயிற்றில் வரச் சொன்னால் இரண்டு இட்லியைத் தின்றுவிட்டு வந்து சத்தியம் செய்வார் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அவள் தெம்பாகத்தான் கிளம்பினாள்.

முதலில் பியூலா டீச்சரிடம் போனாள். டீச்சருக்குச் சர்க்கரை. பன்னிரண்டு வருஷமாக மாதம் தவறாமல் வருகிறவர். கதவைத் திறந்து அவளைக் கனிவாகப் பார்த்தார். அந்தக் கனிவிலேயே அவளுக்குப் பாதி விஷயம் புரிந்துவிட்டது.

"லேப்ல ரத்தம் எடுப்பேனே டீச்சர்."

"அப்படியாம்மா. எனக்கு ஊசின்னா ஆகாது. சேர்ல உக்காந்ததுமே செவத்துப் பக்கம் திரும்பிக்கிடுவேன். அங்க ஒரு காலண்டர், அருவி படம் போட்டது. அருவிக்குக் கீழ ஒரு சின்னப் பாலம். அத நல்லாத் தெரியும்." டீச்சர் உண்மையாகவே வருத்தப்பட்டார். "அந்தக் காலண்டருக்கு வேணும்னா கையெழுத்துப் போடுறேன். தெரியாத முகத்துக்குப் போட்டா பொய்யாயிரும்."

நல்ல மனுஷி. பொய் சொல்ல வராது. மரகதவல்லி காப்பி குடித்துவிட்டு வந்தாள்.

லேபுக்கு வருகிறவர்கள் எல்லோருமே அப்படித்தான் இருந்தார்கள். சிலர் காலண்டரைப் பார்ப்பவர்கள், சிலர் மேலே காற்றாடியைப் பார்ப்பவர்கள், சிலர் பஞ்சு வைத்து அழுத்தும் வரை கண்ணை இறுக மூடிக்கொள்பவர்கள். போதாததற்கு அவள் முகத்தில் எப்போதும் மாஸ்க் இருந்தது. பதினெட்டு வருஷத்தில் ஒருவர் கூட அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை என்பதை அவள் செவ்வாய், புதன் இரண்டு நாளில் வீடு வீடாகப் போய்த் தெரிந்துகொண்டாள். யார் மீதும் அவளுக்குக் கோபம் வரவில்லை. தெருவில் நடக்கும்போது தன் நிழல் விழுகிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

ஓய்வுபெற்ற கண்டக்டர் மாடக்கண்ணு கண்ணை மூடுகிற ரகம். அவர் வாசல் படியில் உட்கார்ந்து யோசித்தார். "முகம் தெரியாது தாயி. கையக் குடு. நரம்பு தேடுற மாதிரி இங்க ஒரு அமுக்கு அமுக்கு."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவள் அவருடைய முழங்கை மடிப்பில் கட்டை விரலை வைத்து அழுத்தினாள்.

"இந்தக் கைதான். நூறு கை வந்தாலும் சொல்லிருவேன். வலிக்காமக் குத்துற கை."

அவர் அவளோடு தாலுகா அலுவலகத்துக்கே நடந்து வந்தார். தெய்வசிகாமணி விதிப்புத்தகத்தைப் பார்த்துவிட்டு, அவருடைய கையெழுத்தை மரகதவல்லியின் வலது கைக்கு மட்டும், மணிக்கட்டு வரை, ஏற்றுக்கொண்டார். "இத முழு சாட்சியா எடுக்க முடியாதும்மா. கைக்குத் தனியா ஒரு பாஸ் தரேன். தினமும் சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் அது வெளியில இருக்கலாம்." பாஸில் சீல் குத்திக் கொடுத்தார். அவள் அதைப் பர்சில் வைத்துக்கொண்டாள்.

லேப் முதலாளி வெளிநாட்டில் இருந்தார். வாரம் ஒரு தடவை போன் செய்வார். "லேப்பா?" என்பார். "லேப்தான்," என்பாள் இவள். அந்தப் புதன்கிழமை அவள் துணிந்து கேட்டாள்.

"சார், என்னைத் தெரியுமா உங்களுக்கு?"

"என்னம்மா இப்படிக் கேட்டுட்ட. லேப்தானே?"

பக்கத்து வீட்டுச் சம்பூர்ணத்திடம் கேட்டுவிடலாம் என்று கடைசியாக ஒரு நம்பிக்கை இருந்தது. ஒரே சுவர். இங்கே கடுகு தாளித்தால் அங்கே தும்முவார்கள். மரகதவல்லி கிளம்புவதற்குள், புதன்கிழமை சாயங்காலம், சம்பூர்ணமே கிண்ணத்தில் கொழுக்கட்டையோடு வந்து வாசலில் நின்றாள்.

"தம்பி இல்லையா? தனியாக் கிடக்குற பிள்ளை, நேரத்துக்குச் சாப்பிடுதோ என்னமோன்னு கொண்டாந்தேன்." அவள் மரகதவல்லியை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்க அவருக்குச் சமைக்க வர்றீகளா?"

மரகதவல்லி பதில் சொல்ல வாயைத் திறந்தாள். இது என் வீடு, என் பெயர் இது, பத்து வருஷமாக நம் இருவர் வீட்டுத் தண்ணீரும் ஒரே குழாயில்தான் வருகிறது என்று சொல்லியிருக்கலாம். அதையெல்லாம் சொல்லிப் பழக்கமில்லாததால், "ஆமா," என்றாள்.

"ரசத்துல உப்புக் கொஞ்சம் கம்மியாப் போடுங்க. அவருக்கு ஆகாது," என்று கிண்ணத்தைக் கொடுத்துவிட்டுச் சம்பூர்ணம் போனாள்.

வியாழக்கிழமை காலை. ஒட்டடைக்குச்சி கொழுக்கட்டை தின்றுகொண்டிருந்தார். மரகதவல்லி எதிரே உட்கார்ந்தாள்.

"நீங்க எனக்குக் கையெழுத்துப் போடலாமே," என்றாள்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு யோசித்தார். "உங்க முகம் தெரியும். சாம்பார்ல தேங்கா அரைக்கிறதப் பத்தி என்ன நினைக்கிறீங்கன்னு தெரியும். எந்தப் படத்துக்குப் பாதியில எந்திரிச்சு வந்தீங்கன்னு தெரியும். பேரு தெரியாது. நீங்க சொன்னதில்லையே."

"நீங்க கேட்டதில்லை."

"கேட்டா நான் எப்படிப் புனைபெயரா இருக்கிறது?"

அதில் நியாயம் இருந்தது. அவள் எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள். திரும்பி வந்து நின்றபடியே, "மரகதவல்லி," என்றாள். அந்தப் பெயரை அந்த வீட்டுக்குள் யாரும் சத்தமாகச் சொல்லிப் பல வருஷம் ஆகியிருந்தது. சொன்ன பிறகு அவளுக்கே அது பக்கத்து அறையிலிருந்து கேட்டது போல இருந்தது.

அவர் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். "நல்லாருக்கே. இதுலயே எழுதியிருக்கலாமே, ஏன் எழுதலை?"

"உங்க பேர்ல எழுதி யாரும் திரும்பிப் பார்க்கலைன்னா, அது உங்களுக்கு," என்றாள் அவள். "என் பேர்ல எழுதி யாரும் திரும்பிப் பார்க்கலைன்னா, அது எனக்குத்தானே."

அவர் மிச்சம் இருந்த ஒரு கொழுக்கட்டையை அவள் பக்கம் தள்ளி வைத்தார்.

வெள்ளிக்கிழமை நாலே முக்காலுக்கு இருவரும் ஜன்னலுக்கு முன் நின்றார்கள். ஒட்டடைக்குச்சி கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தார். தெய்வசிகாமணி தடுத்தார். புனைபெயர் நிரந்தரவாசி ஆன பிறகுதான் அதன் கையெழுத்து செல்லும். நிரந்தரவாசி ஆவது அஞ்சு மணிக்கு. ஜன்னல் சாத்துவதும் அஞ்சு மணிக்கு. "நான் என்னம்மா பண்றது," என்றார். பாவம், அவர் என்ன செய்வார். மரகதவல்லி வீட்டுச் சாவியை ஒட்டடைக்குச்சியிடம் கொடுத்துவிட்டுப் பதிவறைக்குள் போனாள்.

பதிவறை நீளமாக இருந்தது. சுவரோரம் சிவப்புத் துணியில் கட்டிய கோப்புகள், நடுவில் பெஞ்சுகள், பெஞ்சுகளில் முப்பத்தோரு உரிமையாளர்கள். தையல்காரர் இருந்தார், தலைமையாசிரியரும் இருந்தார். யாரும் யாரோடும் பேசவில்லை. நேரில் பேசிப் பழகாதவர்கள்தானே எல்லோரும். மேலே ஒரு காற்றாடி, சுற்றுவதா வேண்டாமா என்று யோசித்து யோசித்துச் சுற்றியது. மரகதவல்லிக்கு ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. வலது கைக்குப் பாஸ் இருந்ததால் அதை மட்டும் கம்பிக்கு வெளியே வெயிலில் வைத்துக்கொள்வாள். அஞ்சு மணிக்கு உள்ளே எடுத்துக்கொள்வாள்.

வெள்ளிக்கிழமைகளில் புனைபெயர்கள் சாப்பாடு கொண்டுவந்தன. ஒட்டடைக்குச்சி தூக்குவாளியில் எலுமிச்சைச் சாதம் எடுத்து வருவார். அவள் அந்த வாரத்துக் கருத்துகளை அவர் காதில் சொல்வாள். அவர் போய் எழுதுவார். லேபில் அவள் வேலையையும் அவரே பார்த்துக்கொண்டார். "லேப்பா?" என்று முதலாளி கேட்டபோது, "லேப்தான்," என்று சொன்னதாகச் சொன்னார்.

தை மாதம் அவர் ரோடு தோண்டுவதைப் பற்றி எழுதினார். மறுநாள் கவுன்சிலர் வீட்டுக்கு வந்தார். காப்பி குடித்தார். கதவு எண்ணை ஒரு முறைக்கு இரண்டு முறை படித்தார். ரோட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் போனார்.

"முன்னால விலாசம் என் பேர்ல இல்லை," என்றார் ஒட்டடைக்குச்சி. "இப்ப ரேஷன் கார்டே இருக்கு. கை வரமாட்டேங்குது."

அதற்குப் பிறகு அவர் எழுதவில்லை. வெள்ளிக்கிழமை வருவார், அவள் சொல்வதைக் கேட்டுத் தலையாட்டுவார், தூக்குவாளியைக் கழுவிக்கொண்டு போவார். மரகதவல்லிக்கு அந்த இரண்டு மாதம்தான் தாங்கவில்லை. பதிவறைக்குள் வந்தபோது கூட இவ்வளவு வலிக்கவில்லை. எங்கேயோ நாலு பேர் தன்னைத் திட்டிக்கொண்டாவது இருக்கிறார்கள் என்ற நினைப்பில்தான் இத்தனை காலம் தூங்கியிருக்கிறாள் என்று அவளுக்கு அப்போது தெரிந்தது.

பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை அவர் தூக்குவாளி மூடியைத் திருகிக்கொண்டே சொன்னார். "மறுபடி எழுத ஆரம்பிச்சுட்டேன். வேற பேர்ல."

"என்ன பேரு?"

"உங்க பேருதான். எனக்கு வேற யார் பேரும் தெரியாது."

அவள் சாதத்தைப் பிசைந்தாள். "படம் என்ன போட்டீங்க?" என்று கேட்டாள்.

"உங்க கை. ஜன்னலுக்கு வெளியில இருந்துச்சே, அதை எடுத்தேன்."

அவள் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். கவுன்சிலர், ரோடு, பஸ் ஸ்டாண்டுக் கடிகாரம், எதையும் விடவில்லை. மரகதவல்லி எங்கே இருக்கிறாள் என்று யாருக்கும் தெரியாததால் அவளை ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆனியில் புது மரகதவல்லி சாப்பிட ஆரம்பித்துவிட்டதாக அவர் தெரிவித்தார். ஆவணியில் அவளுக்குச் செருப்பு வாங்கினார். புரட்டாசியில் அவள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

ஐப்பசி வந்தது. 'செல்வி மரகதவல்லி அவர்கள்' என்று உறை வந்தது, உரிமையாளரைக் கூட்டி வரச் சொல்லி. வெள்ளிக்கிழமை காலையில் புது மரகதவல்லி ஒட்டடைக்குச்சியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றாள். மரகதவல்லி பெஞ்சில் இருந்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மரகதவல்லி," என்று தெய்வசிகாமணி சத்தமாகப் படித்தார். "யாருக்கெல்லாம் தெரியும்?"

"தெரியும்," என்று புளியமரம் வரைக்கும் குரல் எழுந்தது. முந்நூற்று நாற்பது பேர். பியூலா டீச்சரின் குரல் தனியாகக் கேட்டது. "அவங்க எழுதுறத வாசிச்சுட்டுத்தான் எனக்குக் காப்பியே இறங்கும்." சம்பூர்ணம் சொன்னாள்: "பக்கத்து வீடுதான் சார். தங்கமான பொம்பளை. அவங்களுக்குச் சமைக்க ஒருத்தர் வர்றாரு, நெட்டையா. இந்தா நிக்கிறாரே, இவருதான்."

மரகதவல்லிக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில்தான் வந்தது. தன் பெயரை அத்தனை பேர் ஒரே நேரத்தில் சொல்லி அவள் கேட்டதில்லை. கம்பிக்கு வெளியே இருந்த கையைக் கொஞ்சம் உயர்த்தினாள். யாரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

ஒட்டடைக்குச்சிக்குச் சாட்சி கேட்டபோது கூட்டம் அமைதியாக இருந்தது. லேபில் ஒரு வருஷமாக எல்லோரும் அவரிடமும் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் கையை நீட்டியிருந்தார்கள். அதற்கு முன் அவரைத் தெரிந்திருந்த இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும், எழுதுவதை நிறுத்திய ஒருவரை நினைவு வைத்திருக்கக் காரணம் எதுவும் இருக்கவில்லை. "காலண்டர் மாத்திட்டாங்க," என்றார் பியூலா டீச்சர். "இப்ப மயில் படம்."

அஞ்சு மணிக்கு அவர் பதிவறைக்குள் வந்தார். மரகதவல்லி நகர்ந்து இடம் விட்டாள். இருவரும் கொஞ்ச நேரம் காற்றாடியைப் பார்த்தார்கள்.

"இதைப் பத்தி என்ன நினைக்கிறீங்க?" என்றார் அவர்.

அவள் சொன்னாள். காதில் சொல்லவில்லை, வாய்விட்டே சொன்னாள். தையல்காரர் திரும்பிப் பார்த்து, தான் அப்படி நினைக்கவில்லை என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை மத்தியானம் புது மரகதவல்லி தூக்குவாளியோடு வந்தாள். இரண்டு பேருக்குச் சாப்பாடு இருந்தது. அவள் பெஞ்சுக்கு முன்னால் நின்று மரகதவல்லியின் முகத்தை நன்றாகப் பார்த்தாள். அப்படி யாரும் பார்த்ததில்லை என்பதால் மரகதவல்லிக்குக் கண்ணை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

தெய்வசிகாமணி பழைய படிவத்தோடு உள்ளே வந்தார். "இவங்க பேரும் முகமும் தெரியுமா?" என்று ஒட்டடைக்குச்சியைக் கேட்டார்.

"தெரியும்."

"உங்களுக்கு?"

"ரெண்டும் தெரியும்," என்றாள் புது மரகதவல்லி.

இரண்டு பேரும் ஆளுக்கொரு கையெழுத்துப் போட்டார்கள். ஒருவர் போன ஐப்பசியில் நிரந்தரவாசி ஆனவர், ஒருத்தி இந்த ஐப்பசியில் ஆனவள். எந்தக் குறையும் இல்லை. தெய்வசிகாமணி சீல் குத்தினார். "முடிஞ்சதும்மா. நீங்க வெளியில போகலாம்."

மரகதவல்லி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். புளியமரம், பஸ் ஸ்டாண்டு, பத்தே காலில் நிற்கும் கடிகாரம் எல்லாம் தெரிந்தன.

"எங்க போறது சார்," என்றாள். "என்னைத் தெரிஞ்ச ரெண்டு பேரும் இங்கதானே இருக்காங்க."

தெய்வசிகாமணிக்கு அது தக்க காரணமாகப் பட்டது. படிவத்தின் அடியில் அப்படியே எழுதிக்கொண்டார். மூன்று பேரும் சாப்பிட்டார்கள். ரசத்தில் உப்பு கம்மி என்றாள் மரகதவல்லி. சம்பூர்ணம் அப்படித்தான் வைக்கச் சொன்னதாகப் புது மரகதவல்லி சொன்னாள்.

சாப்பிட்ட பிறகு புது மரகதவல்லி கிளம்பினாள். மரகதவல்லியின் வலது கைக்குப் பாஸ் இருந்ததால், அது மட்டும் காலித் தூக்குவாளியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை அவளுக்குத் துணைக்குப் போய்விட்டு, அஞ்சு மணிக்குள் திரும்பி வந்தது.